டேனிடா கட்டிடமும் அம்மாவின் பதிவேடும்: வெளிநாட்டுப் பணம் வந்தால் சுகாதாரத் துறையை நடத்துவது யார்?

இருபதாவது வளைவு (ஏற்காடு, இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் பரணில் இருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினோம். அம்மா கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த மலையிலேயே இருபத்தெட்டு வருடம். பெட்டிக்குள் பழைய பதிவேடுகள், துருப்பிடித்த எடைத் தராசு, ஒரு பயிற்சிக் கையேடு. கையேட்டின் பின்னட்டையில் 'டேனிடா' என்று அச்சாகியிருந்தது. யார் அது என்று கேட்டேன். "டென்மார்க்காரங்க. நம்ம சப் சென்டரே அவங்க காசுல கட்டுனதுதான்" என்றார்.

தேடிப் படித்தேன். 1980களில் இந்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களை வெளிநாட்டு உதவி அமைப்புகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஒரிசாவில் சில மாவட்டங்கள் பிரிட்டனுக்கு, பீகாரிலும் ராஜஸ்தானிலும் சில ஐ.நா. மக்கள்தொகை நிதியத்துக்கு, மத்தியப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும் சில டென்மார்க்குக்கு. தமிழ்நாட்டில் டென்மார்க் பங்குக்கு வந்தவை சேலமும் தென்னாற்காடும். அன்றைய சேலம் என்றால் இன்றைய நாமக்கல்லும் அதற்குள் அடக்கம்.

அதைவிட என்னை உட்கார வைத்தது பதிவேடு. ஒவ்வொரு பக்கத்திலும் அச்சிட்ட கட்டங்கள்: கர்ப்பிணியின் பெயர், எத்தனையாவது பிள்ளை, ஊசி போட்ட தேதி, கருத்தடைக்கு ஒப்புக்கொண்டாரா. கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், பென்சிலால் அம்மா எழுதியவை: 'ஓடையில் தண்ணி வந்தால் வர மாட்டாள்.' 'மாமியார் விடவில்லை.' 'லீவு போட்டால் எஸ்டேட்டில் சம்பளம் பிடிப்பு.' மேலே இருந்து வந்த ஒருவர்கூட அந்த ஓரத்தைப் படித்ததில்லை என்கிறார். கட்டத்தில் இருந்த எண்கள் மட்டும் மலை இறங்கிச் சேலம் போய், சென்னை, டெல்லி என்று பயணம் செய்திருக்கின்றன.

என் கேள்வி இதுதான். காசு கொடுப்பவர்தான் எந்தக் கட்டம் அச்சாக வேண்டும் என்று முடிவு செய்கிறாரா? இல்லை, நாம் முடிவு செய்துவிட்டு அவர் காசை வாங்கிக்கொள்கிறோமா? ஆப்பிரிக்கா பக்கம் இது எப்படி நடக்கிறது? விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை)

இதில் என்ன ஆச்சரியம்? என் பட்டறைக்கு வங்கியில் கடன் வாங்கியிருக்கிறேன். மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்க வேண்டும். வெள்ளி எத்தனை கிலோ, கொலுசு எத்தனை ஜோடி. ஆசாரிக்கு முதுகு வலிக்கிறதா என்று வங்கி கேட்காது, கேட்கவும் வேண்டாம். காசு கொடுத்தவன் தன் காசு எங்கே போனது என்று பார்க்கிறான். கட்டிடம் நமக்கு மிச்சம். அதை ஏன் 'ஆட்சி' என்று பெரிதாக்குகிறீர்கள்?

நாலு ரோடு டாக்டர்

பட்டறைக்காரர் சொல்வது பாதி சரி. முதலில் அளவைப் பார்ப்போம். இந்தியாவில் சுகாதாரத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் வெளிநாட்டு உதவி நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆப்பிரிக்காவின் மலாவி போன்ற நாட்டில் அது பாதிக்கும் மேல். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் கணக்கு தப்பிவிடும்.

தமிழ்நாட்டுக்கு உலக வங்கி கொடுத்தது தானமும் இல்லை, கடன். 2005ல் முதல் திட்டம், சுமார் 11 கோடி டாலர். 2019ல் சுகாதாரச் சீரமைப்புத் திட்டம், 28.7 கோடி டாலர், அதாவது ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய், ஐந்து வருடத்துக்கு. அந்த 2019-20ல் மாநிலத்தின் ஒரு வருட சுகாதார ஒதுக்கீடே 12,000 கோடிக்கு மேல். அப்படியானால் வருடத்துக்கு நூற்றுக்கு மூன்று ரூபாய்தான் வங்கிப் பணம்.

ஆனால் அந்த மூன்று ரூபாய் வரும் வழியைப் பாருங்கள். 2005ல் வாங்கிய கருவிக்கும் கட்டிய கட்டிடத்துக்கும் பில் காட்டினால் பணம். 2019ல் அப்படி இல்லை. எத்தனை மருத்துவமனைகள் தேசியத் தரச் சான்று பெற்றன, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று முன்கூட்டியே இலக்கு பேசிக்கொள்கிறார்கள். எட்டிவிட்டோம் என்று வெளியாள் ஒருவர் சரிபார்த்துச் சொன்ன பிறகுதான் தவணை இறங்கும். மூன்று ரூபாய்க்காக மீதி தொண்ணூற்றேழு ரூபாயும் அந்த இலக்கின் பக்கம் சாய்கிறது. பட்டறைக்காரர் வங்கிக்குக் காட்ட வேண்டும் என்பதற்காகவே கொலுசை விட்டு மெட்டியாகச் செய்ய ஆரம்பித்த மாதிரி.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ரத்த அழுத்தப் பரிசோதனையைச் சிவகங்கையிலும் விருதுநகரிலும், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தேனியிலும் தஞ்சாவூரிலும் வைத்துப் பார்த்தது அந்த 2005 திட்டத்தில்தான். அப்புறம் மாநிலம் அதை எல்லா மாவட்டங்களுக்கும் கொண்டு போனது. 2008ல் 108 ஆம்புலன்ஸ் வந்ததும் அதன் வழியாகத்தான். வங்கி விலகினாலும் இவை நிற்கின்றன என்றால், நமக்கு 1939லேயே பொது சுகாதாரச் சட்டம் இருந்தது, தனி இயக்குநரகம் இருந்தது, இதையே வாழ்நாள் வேலையாகச் செய்யும் அதிகாரிகள் இருந்தார்கள். வந்த திட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கை இருந்தது.

லிலோங்வே ரிட்டர்ன் (சூரமங்கலம்)

மலாவி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அங்கே ஏழு வருடம் மருந்து இறக்குமதி செய்யும் இடத்தில் கணக்கு பார்த்தேன்.

நான் சரக்குடன் போன ஒரு மாவட்ட மருத்துவமனையில் மூன்று கிடங்கு, மூன்று பூட்டு. எச்.ஐ.வி. மருந்து ஒரு வண்டியில் வரும், மலேரியா மருந்து இன்னொரு வண்டியில், மற்றதெல்லாம் அரசு வண்டியில். முதல் இரண்டும் தேதி தவறாது. மூன்றாவது வந்தால் உண்டு. எச்.ஐ.வி. அறையில் குளிர்சாதனம் ஓடும், பக்கத்து வார்டில் பாராசிட்டமால் இருக்காது. அங்கே இருந்த மருத்துவ அதிகாரி வாரத்தில் பாதி நாள் வெள்ளைக்கார விருந்தாளிகளுக்கு வார்டு சுற்றிக் காட்டுவார், மீதி நாள் ஆளுக்கொரு படிவமாக அறிக்கை எழுதுவார். செவிலியர்கள் பயிற்சி வகுப்புக்கு ஓடுவார்கள். பாடத்துக்காக இல்லை, அங்கே கிடைக்கும் தினப்படிக்காக. சம்பளத்தைவிட அது உருப்படியாக இருந்தது.

நல்லதும் நடந்தது. செவிலியர்கள் கூட்டம் கூட்டமாக வெளிநாடு போய்க்கொண்டிருந்த காலத்தில், 2004ல், பிரிட்டன் முன்னின்று பணம் கொடுத்து அரசு சுகாதார ஊழியர் சம்பளத்தையே 52 சதவீதம் உயர்த்தினார்கள். பொதுவாக உதவி கொடுப்பவர்கள் சம்பளத்தில் கை வைக்க மாட்டார்கள். வண்டி வாங்கித் தருவார்கள், ஓட்டுநருக்குச் சம்பளம் உங்கள் பாடு என்பார்கள். இங்கே நேராக ஆளுக்கே கொடுத்தார்கள். பலன் இருந்தது.

அப்புறம் 2013ல் அரசுக் கஜானாவில் பெரிய திருட்டு பிடிபட்டது. உதவி நாடுகள் பட்ஜெட்டுக்கு நேராகக் கொடுத்த பணத்தை நிறுத்தின. இனி தொண்டு நிறுவனங்கள் வழியாகத்தான் என்றார்கள். திருட்டுக்குப் பயந்து பணத்தை வெளியே எடுத்தார்கள். பணம் வெளியே போனதும் உள்ளே கணக்கு பார்க்கத் தெரிந்தவர்களும் அதன் பின்னாலேயே வெளியே வேலைக்குப் போனார்கள். உள்ளே மிஞ்சியது இன்னும் பலவீனமான அலுவலகம். அதைக் காட்டி, பார்த்தீர்களா, அரசிடம் கொடுக்க முடியாது என்று மறுபடி சொல்வார்கள். செக்குமாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றும் கதை.

கொலுசுப்பட்டறை

//திருட்டுக்குப் பயந்து பணத்தை வெளியே எடுத்தார்கள்//

திருடினால் நிறுத்தத்தானே செய்வான்? நீங்களாக இருந்தால் கொடுப்பீர்களா?

லிலோங்வே ரிட்டர்ன்

கொடுக்க மாட்டேன்தான். 2025 மே மாதம் ஜாம்பியாவில் இதுதான் நடந்தது. இலவசமாகக் கொடுத்த மருந்து தனியார் கடைகளில் விற்பனைக்கு வந்ததைப் பிடித்து, 5 கோடி டாலர் உதவியை அமெரிக்கா வெட்டியது. கோபம் நியாயம். ஆனால் திருடியவனுக்கு அந்த மாத்திரை வேண்டியதில்லை. வேண்டியவன் வரிசையில் நிற்கிறான்.

அதே வருடம் ஜனவரியில் அமெரிக்க உதவி மொத்தமாக நின்றதே, அதில் யாரும் திருடவில்லை. வாஷிங்டனில் ஆட்சி மாறியது, அவ்வளவுதான். ஜூலை 1 அன்று யு.எஸ்.எய்ட் என்ற அமெரிக்க உதவி அமைப்பே முடிந்துபோனது. மலாவியின் தலைநகர் லிலோங்வேயில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் ஒரு திட்டத்தில் தரவு எழுத்தராக இருந்தான். மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பதிவேடு மேசையிலேயே இருக்கிறது, எழுத ஆள் இல்லை என்றான்.

சங்ககிரி லோடு

நம் ஊருக்கு வருகிறேன். 2000களில் நெடுஞ்சாலையில் எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் ஒன்றில் களப்பணியாளராக இருந்தேன். லாரிகள் நிற்கும் இடத்தில் ஓட்டுநர்களிடம் பேசுவது, ஆணுறை கொடுப்பது, பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு அனுப்புவது. பணம் அமெரிக்காவில் இருந்து ஒரு தொண்டு நிறுவனம் வழியாக வந்தது. அன்றைக்கு நாமக்கல் லாரி என்றால் ஆட்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அந்த வேலை அவசியமான வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2000க்கும் 2004க்கும் இடையில் தென்மாநிலங்களில் இளம் கர்ப்பிணிகளிடையே எச்.ஐ.வி. 1.7 சதவீதத்தில் இருந்து 1.1 ஆகக் குறைந்தது. ஊர் ஊராகப் பலர் நடந்ததற்குக் கிடைத்த பலன் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் எங்கள் படிவத்தில் இருந்தவை: சந்தித்தவர் எத்தனை பேர், ஆணுறை எத்தனை, அனுப்பியவர் எத்தனை. இரண்டு மாதமாக இருமுகிறவர், கண் சரியாகத் தெரியாமல் இரவு வண்டி ஓட்டுகிறவர், மூன்று நாளாகத் தூங்காதவர், எல்லாரையும் பார்த்தேன். அதற்குக் கட்டம் இல்லை. ஒருவரைச் சொந்தச் செலவில் சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன், காசநோய்தான். அன்றைக்கு என் 'சந்திப்பு' எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று மேற்பார்வையாளர் கடிந்துகொண்டார். அவர்மேல் தப்பில்லை. அவருக்கு மேலே ஒருவர் அதே எண்ணைக் கேட்பார்.

பில் கேட்ஸ் அறக்கட்டளை 2003ல் தொடங்கிய 'ஆவாஹன்' எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தில் தமிழ்நாடும் உண்டு. சில வருடம் கழித்து அதைப் படிப்படியாக அரசிடம் ஒப்படைத்தார்கள். முறையாகத்தான் ஒப்படைத்தார்கள், மலாவி மாதிரி ஒரே நாளில் விடவில்லை. அந்த வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும்.

இருபதாவது வளைவு

எல்லாருக்கும் நன்றி. கட்டிடத்தை விட்டு என் கேள்வி இப்போது வேறு பக்கம் நகர்கிறது. பணம் போன பிறகு என்ன தங்குகிறது?

ஒன்று தெரியவந்தது. 1992ல் உலக வங்கிக் கடனில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பணம் டெல்லியில் இருந்து மாநிலக் கஜானாவுக்கு வந்து, ஒவ்வொரு மேசையாகக் கையெழுத்தாகி, களத்துக்கு வருவதற்குள் நிதியாண்டே முடிந்துவிடும். அதனால் 1994ல் தமிழ்நாடு ஒரு வேலை செய்தது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கென்று ஒரு பதிவு பெற்ற சங்கம். சங்கத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, அன்றைக்குக் கஜானா பக்கம் போக வேண்டியிருக்கவில்லை. இந்தியாவிலேயே முதல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அது. அப்புறம் எல்லா மாநிலங்களுக்கும் அந்த வழியே வழியானது. 2005ல் தேசிய ஊரக சுகாதாரத் திட்டம் வந்தபோதும் மாநில சுகாதாரச் சங்கம், மாவட்ட சுகாதாரச் சங்கம் என்று அதே அச்சு. இன்று பணத்தில் பெரும்பகுதி நம் வரிப்பணம். ஆனால் ஓடும் வாய்க்கால் கடன் காலத்தில் வெட்டியது.

பச்சை ஃபைல்

வாய்க்காலில் நிற்கிற ஆள் நான்தான். நம்பிக்கை மையத்தில், அதாவது எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில், ஆலோசகர். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். திட்டத்துக்கு ஆயுள் ஐந்து வருடம் என்பதால் எங்கள் வேலையும் ஒப்பந்தம். திட்டம் ஒன்று முடிந்து இரண்டு வந்தது, மூன்று வந்தது. நான் சேர்ந்து பதினேழு வருடம். ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தம் புதுப்பிக்கிறார்கள். ஒரு பெண் பரிசோதனை முடிவைக் கேட்டு மயங்கி விழுந்தால் தாங்கிப் பிடிப்பது நிரந்தர வேலையா தற்காலிக வேலையா, யாராவது சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி வாத்தியார்

சோறு விஷயத்தை யாரும் தொடவில்லையே. 1980ல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது, முதலில் மதுரைப் பக்கம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சத்துணவு உருண்டை, ஏறிவிட்டால் நிறுத்தம். கணக்குப்படி சிக்கனமான திட்டம். உலகம் முழுக்க அதைப் புகழ்ந்தார்கள்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு. மாநிலத்தின் சொந்தப் பணம். எடை, வளர்ச்சி அட்டை எதுவும் இல்லை. பால்வாடியிலும் பள்ளியிலும் வந்து உட்கார்ந்த பிள்ளைக்கெல்லாம் சோறு. இவ்வளவு செலவு தாங்குமா என்று படித்தவர்கள் பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். நானும்தான். அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பள்ளியில் வருகை கூடியதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். எந்தத் திட்டம் சிறந்தது என்று நான் தீர்ப்பு சொல்லவில்லை. சின்னக் குழந்தைகளுக்கு முதல் திட்டம் நல்லதே செய்தது. ஆனால் எந்தப் பிள்ளைக்குச் சோறு என்று தீர்மானிக்கும் உரிமை, சொந்தக் காசு போட்ட இடத்தில் நம்மிடம் இருந்தது. சேலத்தில் 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும் அப்படித்தான். பெண் சிசுக்கொலை நம் ஊர்ப் புண், மருந்தும் இங்கேயே தேடினார்கள். சரியான மருந்தா என்று இன்றும் சண்டை போடலாம். அந்தச் சண்டையை நாம் போடுகிறோம் பாருங்கள், வாஷிங்டனில் யாரோ போடவில்லை.

கொலுசுப்பட்டறை

சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் உலக சுகாதார அமைப்பையும் கேட்ஸ்தான் வாங்கிவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் வருவதும் உண்மைதானே?

நாலு ரோடு டாக்டர்

வாட்ஸ்அப்புக்கு ஒரு கும்பிடு. வாங்கவெல்லாம் இல்லை. உறுப்பு நாடுகள் கட்டாயம் கட்டும் சந்தா 2022 வாக்கில் அதன் பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிருந்தது. மீதி விருப்ப நன்கொடை, அதிலும் பெரும்பகுதி 'இந்த வேலைக்கு மட்டும்' என்று முடிச்சுப் போட்டு வருவது. பெரிய நன்கொடையாளர்களில் கேட்ஸ் அறக்கட்டளையும் ஒன்று. போலியோவுக்குப் பணம் கொட்டும், பாம்புக்கடிக்கு வராது. 2022ல்தான் சந்தாவைப் படிப்படியாக அடிப்படை பட்ஜெட்டில் பாதி அளவுக்கு உயர்த்த ஒத்துக்கொண்டார்கள். சதி என்று சொன்னால் கோபப்பட்டுவிட்டுப் போய்விடலாம். சந்தாவை உயர்த்தாத நாடுகளின் கஞ்சத்தனம் என்றால் நாமும் பதில் சொல்ல வேண்டும்.

இந்தியாவிலும் ஒன்று நடந்தது. தடுப்பூசிக் கொள்கைக்கு ஆலோசனை சொல்லும் தேசியக் குழுவின் செயலக வேலைக்குச் சில வருடம் அதே அறக்கட்டளை பணம் கொடுத்தது. 2017ல் மத்திய அரசு அந்தச் செலவைத் தானே ஏற்றது. சின்னத் தொகைதான், ஆனாலும் அதை நம் பையில் இருந்து கொடுப்பதுதான் முறை. அதே சமயம், 2011 டிசம்பரில் ஐந்து நோய்த் தடுப்பூசியைத் தமிழ்நாடும் கேரளாவும் முதலில் தொடங்கியபோது பணம் கொடுத்தது 'கவி' என்ற உலகத் தடுப்பூசிக் கூட்டணி. ஏற்காட்டில் இன்று பதினான்கு வயதுப் பிள்ளைகளைக் கேளுங்கள், அந்த ஊசியைப் போட்டுக்கொண்டுதான் வளர்ந்திருப்பார்கள்.

ஒண்டிக்கடை

பாம்புக்கடி என்று டாக்டர் எழுதியதால் வருகிறேன். மலையில் அறுபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள். காபித் தோட்டத்தில் கடித்தால் சாலை வரை தூக்கிக்கொண்டு வர வேண்டும், அப்புறம் வண்டி, சேலம் போக வேண்டுமென்றால் இருபது வளைவு. இதற்கு எந்த நாட்டுக்காரர் இலக்கு வைப்பார்? உலக வங்கியே வைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. தத்துவம் பேசுகிறவர்கள் ஒரு தடவை மழை நாளில் கீழே இறங்கிப் பாருங்கள்.

டேனிடா கட்டிடம் என்று சொன்னீர்களே, இன்னும் இருக்கிறதா?

இருபதாவது வளைவு

ஞாயிறன்று அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். இருக்கிறது. டைல்ஸ் போட்டு, புதுப் பலகை மாட்டியிருக்கிறார்கள். கல்வெட்டு இருந்த இடம் சுண்ணாம்புக்கு அடியில் மேடாகத் தெரிகிறது. அம்மா கையால் தடவிப் பார்த்தார், எழுத்து படிக்க முடியவில்லை.

அக்கம்பக்கத்தார் சொல்லி இப்போதைய செவிலியரம்மா வந்தார், சின்ன வயது. கையில் டேப்லெட். கர்ப்பிணி எண்ணைப் போட்டால் எல்லாம் வருகிறது: ரத்த அளவு, ஸ்கேன் தேதி, அடுத்த பரிசோதனை எப்போது. அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம். ஒவ்வொரு திரையாகக் காட்டச் சொல்லிப் பார்த்தார். கடைசியில், "இதுல ஓரம் எங்கம்மா?" என்று கேட்டார்.

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துக்கொண்டே பையில் இருந்து அட்டை கிழிந்த நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அம்மா திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் படிக்க ஆரம்பித்தார். சில பெயர்களுக்கு, "இவ அந்தச் செல்லியோட பேத்தியா?" என்று விசாரணை வேறு. கடைசிப் பேருந்து போய்விட்டது. மிளகு ஏற்றிவந்த ஒரு ஜீப்பில்தான் வீடு வந்து சேர்ந்தோம்.